சித்தப்பாவின் புது குறுக்குவில்: சனிக்கிழமை குடும்பக் குழுவில்

பெரியப்பா, 11:20
தம்பி, விடியவே பண்ணைக்குப் போய்விட்டாயாமே. வில் எப்படி? பெட்டியில் போட்டிருந்த நொடிக்கு 370 அடி வேகம் வந்ததா?

சித்தப்பா, 11:26
வரவில்லை அண்ணை, 357தான். ஆனால் அதில் எனக்குக் குறையில்லை. அந்த 370 ஆக இலேசான அம்பை வைத்து எடுக்கிற கணக்கு. நான் காட்டுக்குக் கொண்டுபோகிற அம்பு, முனையோடு சேர்த்து 400 கிரெயின். கிட்டத்தட்ட 26 கிராம்.

சித்தப்பா, 11:28
வேகமானியை முன்னால் வைத்து ஐந்து தரம் எய்தேன். 358, 356, 357, 359, 357. எல்லாம் நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கு. ஐந்தும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன பாருங்கள், இதற்குத்தான் காசு கொடுத்தேன். எய்யும்போதெல்லாம் வேகம் மாறுகிற வில்லோடு மானுக்கு முன்னால் போய் நிற்க மாட்டேன்.

சித்தி, 11:31
விரல் பத்திரமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா, 11:33
பத்திரம் அம்மா. இடது கைப் பெருவிரல் எப்போதும் அம்பு ஓடுகிற தடத்துக்குக் கீழேதான். கொஞ்சம் மேலே வந்தாலும் நாண் விரலைக் கொண்டுபோய்விடும். இந்த வில்லில் விரல் ஏறாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு தரமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் விசையைத் தொட்டேன்.

நான், 11:35
சித்தப்பா, அடுத்த சனி நானும் வரலாமா? 185 பவுண்டு இழுவை என்றீர்கள், என்னால் இழுக்க முடியுமா?

சித்தப்பா, 11:39
வா தம்பி. கயிறும் கப்பியும் உள்ள கருவி இருக்கிறது, பாரம் பாதியாகிவிடும். ஆனால் இரண்டு கையும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். நாண் ஒரு நூலளவு ஒரு பக்கம் விலகிப் பூட்டினாலும் அம்பு பக்கவாட்டில் போகும். நாணில் இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன், அதைப் பார்த்து இழு.
அப்புறம், அம்பு வைக்காமல் விசையை அழுத்தவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி எல்லாம் வில்லின் கைகளுக்குள்ளேயே திரும்பி அவை பிளந்துவிடும். இழுத்த நாணைச் சும்மா தளர்த்தவும் முடியாது. பழைய அம்பு ஒன்றை இலக்குப் பஞ்சில் எய்துதான் இறக்க வேண்டும்.

அக்கா, 11:44
குறி எப்படி சித்தப்பா?

சித்தப்பா, 11:50
20 யார்டில் ஐந்து அம்பும் அதனதன் புள்ளியைச் சுற்றி ஒன்றரை அங்குல வட்டத்துக்குள். ஆறாவது மட்டும் மூன்று அங்குலம் இடது பக்கம். முதலில் என் கையில்தான் பிழை என்று நினைத்தேன். அம்புகளுக்கு இலக்கம் எழுதித் திரும்ப எய்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் விலகியது நாலாம் இலக்கம்தான். கையில் உருட்டிப் பார்த்தேன், ஒரு இறகு சரிந்து ஒட்டியிருக்கிறது. வில்லோடு சேர்த்துத் தந்த அம்பு அது. இலக்கம் எழுதாமல் வந்திருந்தால் வில்லைத்தான் குற்றம் சொல்லியிருப்பேன்.

சித்தப்பா, 11:52
எல்லா அம்பையும் ஒரே புள்ளிக்கு எய்யவும் இல்லை. ஒன்றின் வாலில் மற்றது குத்தி உடைந்துவிடும். பஞ்சில் ஆறு புள்ளி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அம்பு.

அக்கா, 11:55
இவ்வளவு வேகம் என்றால் 60 யார்டிலும் அடிக்கலாம்தானே?

சித்தப்பா, 12:03
பஞ்சை அடிக்கலாம் பிள்ளை, மானை அடிக்கக் கூடாது. 20க்குச் சரிசெய்த புள்ளியிலேயே குறி வைத்தால் 30 யார்டில் மூன்று அங்குலம் கீழே இறங்குகிறது. 40இல் பத்து அங்குலம். அதற்கு ஸ்கோப்பில் தனித்தனிக் கோடு இருக்கிறது, அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை சத்தம். 40 யார்டு என்பது 120 அடி. நாணின் சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் மானின் காதுக்குப் போய்விடும். அம்பு போக மூன்றில் ஒரு பங்கு நொடிக்கும் கொஞ்சம் கூட எடுக்கும். இடையில் கிடைக்கிற கால் நொடியில் மான் பாயத் தயாராகி உடம்பைத் தாழ்த்திவிடும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் படும், அது காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகும். எனக்கு அது வேண்டாம். என் எல்லை 30.

பெரியப்பா, 12:08
நல்ல முடிவு தம்பி. சட்டத்துக்கு எல்லாம் சரியா?

சித்தப்பா, 12:13
சரி அண்ணை. ஒன்ராறியோவில் மானுக்கு இழுவை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, இது 84. வேட்டை அம்பின் வெட்டுமுனை 22 மில்லிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும், அதையும் அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் இன்று எய்தது எல்லாம் பயிற்சி முனை. வெட்டுமுனை காற்றில் வேறு மாதிரிப் போகும். அதை வைத்து எய்து பார்க்காமல் சோதனை முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

சித்தி, 12:15
சாப்பாடு ஆறுகிறது.

சித்தப்பா, 12:16
நாணுக்கு மெழுகு பூசிக்கொண்டிருக்கிறேன், பத்து நிமிடத்தில் வெளிக்கிடுகிறேன். தம்பி, அடுத்த சனி காலை ஏழு மணிக்கு வாசலில் நில். நாலாம் இலக்க அம்பை எறியவில்லை, நாண் இறக்குவதற்கு என்று தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.