28 நாள் மருந்து கிளினிக்காரன் வியாபாரமா?

தண்ணீர்மலை மைந்தன்: பினாங்கு ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கம் திரியிற நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். உண்ணியைப் பிடுங்கி மிதிச்சுட்டு, ஒரு வாரம் பப்பாளி இலைச் சாறு குடுத்தேன். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணு 2 லட்சத்தைத் தாண்டிடுச்சு, நோய் போயிடுச்சு. 28 நாள் டாக்சிசைக்ளின் ஆன்டிபயாட்டிக் மாத்திரைன்னு சொல்றதெல்லாம் கிளினிக்காரன் காசு பார்க்கிற வேலை.

பட்டர்வொர்த் ரவி: எண்ணிக்கை ஏறிச்சு, சரி. கிருமி போச்சா? இந்தக் காய்ச்சலைக் குடுக்கிற எர்லிக்கியா கிருமியோட முதல் கட்டம் மருந்தே இல்லாமகூட சில வாரத்துல அடங்கும். கிருமி மட்டும் மண்ணீரல்ல ஒளிஞ்சுக்கிட்டு மாசக்கணக்கா, சில நாய்ல வருசக்கணக்கா கிடக்கும். அப்புறம் எலும்பு மஜ்ஜை படுத்துரும், மூக்குல ரத்தம் கொட்டும். அந்தக் கட்டத்துல எந்த மருந்தும் லேசுல கேட்காது. மாத்திரை போட்ட ஓரிரு நாள்லயே நாய் எழுந்து சாப்பிடும், அதைப் பார்த்துத்தான் பாதியில நிறுத்திடுறீங்க. 28 நாள்னா 28 நாள். கிருமியோட மரபணு ரத்தத்துல இருக்கான்னு பார்க்கிற பிசிஆர் டெஸ்ட் எடுத்தீங்களா?

செந்தூல் அகிலா: முதல்ல அது எர்லிக்கியாவா, இல்ல உண்ணி பரப்புற இன்னொரு கிருமியான பபேசியாவா? பபேசியாவுல கிப்சோனி வகைன்னா சிவப்பணுவை அழிக்கும், டாக்சிசைக்ளின் மட்டும் போதாது.

தண்ணீர்மலை மைந்தன்: ரத்த ரிப்போர்ட் கையில இருக்கு ரவி. படிச்ச திமிரை வேற எங்கயாச்சும் காட்டுங்க. பூனைச் சொறி பத்திப் பேசினப்பவும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீங்க.

ஆயர் ஈத்தாம் சாந்தி: தெரு நாய்க்கு யாரு தினமும் மாத்திரை ஊட்டுறது? இன்னைக்கு இருக்கிற நாய் நாளைக்கு அதே இடத்துல நிக்குமா? 2015-ல வெறிநோய் வந்துச்சுன்னு பினாங்குல தெரு நாய்ங்களைக் கொல்லச் சொன்னப்ப இந்த ரவி எங்க போயிருந்தாரு?

பட்டர்வொர்த் ரவி: அக்கா, 2015 கதையை இங்க இழுக்காதீங்க. மாத்திரையைப் பால்ல கரைச்சு வைக்கிறேன்னு நீங்களே எழுதியிருந்தீங்க. பால்ல இருக்கிற கால்சியம் மருந்தை உடம்புல சரியா ஏற விடாது. சார்டின்ல வச்சுக் குடுங்க, தண்ணியும் குடிக்க வைங்க. தண்ணியோ சாப்பாடோ இல்லாம வெறும் மாத்திரையா போட்டா, அது தொண்டைக்குக் கீழ ஒட்டி உணவுக்குழாய் புண்ணாகலாம். மைந்தன் உண்ணியைப் பிடுங்கி மிதிச்சதா வேற பெருமை பேசுறாரு. பழுப்பு உண்ணி ஒவ்வொரு பருவத்துலயும் நாய் மேலருந்து விழுந்து, சுவர் இடுக்குல தோல் உரிச்சுட்டுத் திரும்ப ஏறும். ஒரு பொட்டை உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போடும். நம்ம ஊரு சூட்டுல வருசம் முழுக்க இதே கதைதான். இடத்துக்கு மருந்தடிக்காம நாலு உண்ணியை மிதிச்சு என்ன ஆகப்போவுது?

ஆயர் ஈத்தாம் சாந்தி: சார்டின் டின்னு உங்க காசிலயா? மழையில நின்னு சோறு வைக்கிறது நான். உட்கார்ந்த இடத்துலருந்து எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

செந்தூல் அகிலா: எந்தக் கிருமின்னே தெரியாம எதுக்கு இந்தச் சண்டை? ரத்தத்தைக் கண்ணாடித் துண்டுல தடவி மைக்ராஸ்கோப்புல பார்க்கிற ஸ்மியராச்சும் பார்த்தாங்களா?

தண்ணீர்மலை மைந்தன்: நாய் நல்லா ஓடுது. 28 நாளை நீங்களே வச்சுக்குங்க.

பட்டர்வொர்த் ரவி: ஓடுதான்னு நான் கேட்கல. பிசிஆர் எடுத்தீங்களா, இல்லையா?