திரையில் ஜொலிக்கும் நீலம் தாளில் மங்குகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மயில் வரைந்தேன். ஏ3 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ), அதாவது 3508க்கு 4961 பிக்சல். இணையத்தில் போட்டபோது கழுத்து நீலம் ஜொலித்தது. அச்சாகி வந்த தாளிலோ அதே கழுத்து நனைந்த சிலேட்டுப் பலகை மாதிரி கிடக்கிறது. திரையின் ஒளி காட்டும் நீலத்தை அச்சின் நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது என்பது தெரியும்; தெரிந்தும் திரைக்கான வண்ண முறையான ஆர்ஜிபியிலேயே வரைந்தது என் சோம்பேறித்தனம்.

அச்சகத்தில் கேட்டால், "பிடிஎஃப் கொடுங்கள், பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இந்த மயில்!

அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்க்கும் சாஃப்ட் புரூஃபிங்கில் எந்த வண்ண புரொஃபைலை (அச்சின் வண்ணங்களை விவரிக்கும் கோப்பு) வைத்துப் பார்க்கிறீர்கள்? அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றிவிட்டு நீலத்தை மட்டும் தனி லேயரில் திருத்தலாமா? இல்லை, கூடுதல் மைகள் உள்ள இங்க்ஜெட்தான் வழியா? இரண்டு பேர் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும்.