ஆர்கானிக் மூட்டை, தப்பான வயது: உங்கள் கோழித் தீவன அனுபவம் என்ன?

முட்டையிடும் பெட்டைகள் ஆறு, பன்னிரண்டு வார விடலைகள் ஒன்பது. இரண்டும் ஒரே கொட்டகையில். இரண்டு விதத் தீவனம் வாங்கி, யார் எந்தத் தட்டில் வாய் வைக்கிறார்கள் என்று காவல் காக்க என்னால் முடியவில்லை. முட்டைக்கோழிக்கான ஆர்கானிக் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போட்டேன். ரசாயனம் இல்லாத தீனிதானே, கூடக்குறைய இருந்தால் என்ன கெட்டுவிடும் என்ற நினைப்பு.

ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு விடலை ஓரமாக ஒதுங்கி நிற்க ஆரம்பித்தது. தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தது, எச்சம் வெள்ளைத் தண்ணீராகப் போனது. நான்காம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போனேன். அறுத்துக் காட்டினார். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையடித்த மாதிரி ஒரு படலம். சுண்ணாம்பு என்று நினைத்தேன், யூரிக் அமில உப்பு என்றார். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனதால் வெளியேற வேண்டியது உள்ளேயே படிந்துவிட்டதாம். இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான், என்ன தீவனம் என்று கேட்டார். மூட்டைச் சீட்டில் கால்சியம் 4 சதவீதம் என்று போட்டிருந்தது. வளரும் கோழிக்கு 1 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். முட்டை ஓடு செய்கிற கோழிக்குத்தான் அந்த நாலு. ஆர்கானிக் என்ற எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்ததோ, இந்த வரி அவ்வளவு பொடியாக இருந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும் 16 சதவீதப் புரதமுள்ள வளர்தீவனம். பெட்டைகளுக்கு வேண்டிய கூடுதல் கால்சியத்துக்குக் கிளிஞ்சல் நொறுங்கலைத் தனியாக ஒரு மரப்பெட்டியில் வைத்துவிடுகிறேன். வேடிக்கை என்னவென்றால், பெட்டைகள் சாயங்காலமானால்தான் அந்தப் பெட்டிக்கு வருகின்றன. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பது அவற்றுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. விடலைகள் இரண்டு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

எனக்கு நடந்தது குஞ்சுப் பருவத்தில். கடைத் தீவனமே வேண்டாம், நாமே அரைப்போம் என்று இறங்கினேன். குஞ்சுக்கு 18 முதல் 20 சதவீதம் புரதம் வேண்டும் என்று படித்திருந்தேன். மக்காச்சோளம், தவிடு, சோயா எல்லாம் இயற்கையில் விளைந்தவை. காகிதத்தில் கணக்குப் போட்டால் 20 சரியாக வந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் குஞ்சுகள் பத்து நாள் குஞ்சு அளவில் நிற்கின்றன. உடம்பில் ஏறவே இல்லை.

தப்பு சோயாவில். பச்சையாக அரைத்துவிட்டேன். பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற ஒரு பொருள் இருக்கிறது, சூடு பட்டால்தான் அது போகும். வறுத்து அரைக்க ஆரம்பித்த பிறகு, அதே குஞ்சுகள் வளர்ந்தன. என்றாலும் அந்தக் கூட்டம் கடைசிவரை கொஞ்சம் சிறுத்தே இருந்தது. முதல் சில வாரத்துக்கு மட்டுமாவது தயாரித்த குஞ்சுத் தீவனத்தையே வாங்கிப் போடுங்கள் என்பேன். நம் பரிசோதனையைப் பெரிய கோழியிடம் வைத்துக்கொள்ளலாம்.

* * *

புரதக் கணக்கு சரியாக இருந்தும் நான் மாட்டிக்கொண்டேன். பதினைந்தாவது வாரத்தில் ஒன்றன் வாலை ஒன்று கொத்த ஆரம்பித்தன. இடநெருக்கடி என்று நினைத்து வேலியைத் தள்ளிப் போட்டேன். நிற்கவில்லை. உதிர்ந்த இறகு தரையில் ஒன்றுகூடக் கிடக்கவில்லை, எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தன! அப்போதுதான் உறைத்தது. இறகே முக்கால்வாசிக்கு மேல் புரதம்தான், தீனியில் கிடைக்காததை அங்கே தேடுகின்றன.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் மெத்தியோனின் என்கிற ஒன்றுதான் ஆர்கானிக் தீவனத்தில் இடிக்கிற இடம். சாதாரணத் தீவனத்தில் செயற்கையாகச் சேர்த்துவிடுவார்கள். ஆர்கானிக் விதிகளிலோ அதற்குத் தடை, இல்லாவிட்டால் கறாரான அளவு. சோயாவில் லைசின் என்கிற இன்னொரு அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு அதற்கு நேர் எதிர். நான் எள்ளுப் புண்ணாக்கைக் கொஞ்சம் சேர்த்தேன், புழுவும் கருவாட்டுத் தூளும் கிடைத்தபோது போட்டேன். கொத்துவது படிப்படியாகக் குறைந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அரைத்த தீவனத்தில் சோள நொறுங்கலைப் பொறுக்கிவிட்டு, அடியில் மாவை அப்படியே விடுகின்றன. தாதுஉப்பும் வைட்டமினும் அந்த மாவில்தான். இப்போது கை நனையத் தண்ணீர் தெளித்துப் பிசிறிப் போடுகிறேன். அன்றன்றைக்குத் தீர்ந்துவிட வேண்டும், மிஞ்சினால் புளித்துப்போகும்.

* * *

சுருக்கமாக என்னுடையது. ஆர்கானிக் குஞ்சுத் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்காது என்பது தெரியாமல், ஐந்தாவது வாரத்தில் மூன்று குஞ்சுகளை இழந்தேன். கூளம் ஈரமாக இருந்ததுதான் வினை. தண்ணீர்க் குவளையை ஒரு செங்கல் உயரம் தூக்கி வைத்து, கூளத்தைத் தினமும் கிளறிவிட்டதில் அடுத்த ஈட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மலிவாக வருகிறதே என்று மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கியதும் உண்டு. கடைசி மூட்டைக்குள் கையை விட்டால் கதகதவென்று சூடு, கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். கட்டியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் போடலாமே என்று வீட்டில் சொன்னார்கள். பூசண நஞ்சு கட்டியில் மட்டுமா இருக்கும்? முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். எப்போது முட்டைத் தீவனத்துக்கு மாற்றுவது என்று தனியாகக் கேட்டவருக்கு: வயது ஒரே மாதிரியான கூட்டமென்றால் 18 வாரத்தை ஒட்டி, அல்லது முதல் முட்டையைப் பார்த்ததும். ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சேவலுக்கு ஓடு செய்கிற வேலை இல்லை, அதற்கு என்றைக்கும் வளர்தீவனம்தான்.

மிஞ்சிய எட்டு விடலைகளும் இப்போது முட்டையிடுகின்றன. ஒன்று மட்டும் வாரத்தில் ஒரு தோல்முட்டை, அதாவது ஓடு கெட்டிப்படாத முட்டை, போடுகிறது. எது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.