காரவன்சராய்: ‘சாத்துவிடுதி’ எனலாமா?

வணக்கம்.

பழைய வணிகப் பெருவழிகளில் பயணக் கூட்டங்கள் தங்கிச் சென்ற கட்டடமான காரவன்சராய்க்குத் தமிழில் ‘வணிகர் சத்திரம்’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. சத்திரம் என்றதும் நினைவுக்கு வரும் இலவசச் சோறு செல்ஜூக்கியத் துருக்கியர் ஆண்ட அனத்தோலியாவுக்கும் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) பொருந்தும். கைசேரி நகருக்குக் கிழக்கே 1240களின் தொடக்கத்தில் நிறைவுற்ற கரதாய் ஹான் என்ற காரவன்சராயின் (துருக்கிய மொழியில் ‘ஹான்’ என்பதும் இதையே குறிக்கும்) அறக்கொடை ஆவணம், வருபவர் முஸ்லிமோ பிற சமயத்தவரோ, ஆணோ பெண்ணோ, அடிமையோ அல்லாதவரோ, அனைவருக்கும் உணவளிக்க வேண்டும் என்றே விதிக்கிறது. ஆனால் கட்டட அமைப்பு என்று வரும்போது சத்திரம் என்ற சொல் தடுமாறுகிறது.

செல்ஜூக்கிய சுல்தான் முதலாம் அலாவுதீன் கைகுபாத் 1229இல் கோன்யா–அக்சராய் சாலையில் எழுப்பிய சுல்தான் ஹானையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கோட்டை: சாளரமற்ற உயர்ந்த கல்மதில், அதைத் தாங்கும் கோபுர வடிவ முட்டுகள், ஒரே வாயில். அந்த வாயிலில்தான் சிற்பியின் திறமை முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்தில், சிறு சிறு குழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேனடைபோல் கவியும் முகர்னாஸ் வேலைப்பாடு. உள்ளே திறந்த முற்றம். அதன் ஒரு பக்கம் வளைவுகளுடன் கூடிய தாழ்வாரம், மறுபக்கம் அடைத்த அறைகள். முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின்மேல் ஒரு சிறு தொழுகையிடம், படியேறித்தான் செல்ல வேண்டும். பின்புறம் கூரையிட்ட பெருங்கூடம்; அனத்தோலிய மேட்டுநிலக் குளிரில் மனிதரும் விலங்கும் ஒதுங்க அதுவே இடம்.

இப்படிப்பட்ட கட்டடங்கள் பெருவழிகளில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக, ஒட்டகங்களின் ஒருநாள் நடையைக் கணக்கிட்டு அமைந்தவை. ஆகவே தனி வணிகரைக் காட்டிலும், சரக்கும் விலங்குமாக நகரும் கூட்டத்தையே பெயர் சுட்ட வேண்டும். அதற்கு ‘சாத்து’ என்ற பழஞ்சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. கோவலனின் தந்தை மாசாத்துவானை அறிந்தவர்க்கு அது புதிதன்று. எனவே, ‘சாத்துவிடுதி’.

கதவைச் சாத்துவதோடு குழப்பிக்கொள்வார்கள் என்ற தயக்கம் நியாயமானதே (அடி உதை என்ற பேச்சுவழக்குப் பொருளை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). முதல்முறை ‘வணிகச்சாத்து விடுதி’ என விரித்தெழுதிப் பிறகு சுருக்கினால் இது தீரும். ‘சாவடி’ வேண்டாம், அது இன்று சுங்கத்தையும் வாக்குப்பதிவையும்தான் நினைவூட்டுகிறது.

கட்டடத்தின் உறுப்புகளுக்குத் தலைவாயில், முற்றம், குளிர்காலக் கூடம், மாடத் தொழுகையிடம் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறேன். முகர்னாஸை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். ‘தேனடை வளைவு’ என்றால் தோற்றம் விளங்குமே தவிர, அந்த அடுக்குமுறை விளங்காது. சுல்தான் ஹான், அலாய் ஹான், ஆஸிகரா ஹான் போன்ற இடப்பெயர்களில் வரும் ‘ஹான்’ என்பதை மொழிபெயர்க்கக் கூடாது.