பக்கத்துத் தெரு அண்ணன்

பாளையங்கோட்டையில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், ஆறு வருடமாக வாலிபர் ஐக்கியம் என்கிற இளைஞர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் மூன்று வருடம், பக்கத்துத் தெரு பெந்தெகொஸ்தே சபையின் வாலிபர் தலைவருக்கு ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொன்னதில்லை. எங்கள் பிள்ளைகளை இழுக்கிறார் என்று நினைப்பு. ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் பிரஸ்பிடேரியனும் 1947-லேயே சேர்ந்து சிஎஸ்ஐ என்று ஒரே சபையாகிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கு ஒரு தெருவைக் கடக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவரே போன் செய்தார். "தம்பி, உங்க தபேலா பையன் மூணு வாரமா இங்க வர்றான். வீட்டுல ஏதோ பிரச்சினை. உங்ககிட்ட சொல்ல கூச்சப்படுறான். அவன்கிட்ட கேட்டுட்டுதான் கூப்பிடுறேன், ஒருதடவை பேசிப் பாருங்க."

அவன் வராததற்கு 'டியூஷன் இருக்கும்' என்று நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் ஊசிக்கோபுரம் பேராலயத்துப் பக்கத்தில் டீ குடிக்கப் போனோம். அரைமணி நேரம் யார் எத்தனை வீட்டுக்கு கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போனோம் என்ற கணக்குதான் ஓடியது. திடீரென்று அவர், "கூட்டத்துல பிரசங்கம் பண்ணணும்னாதான் இப்பல்லாம் வேதத்தைத் திறக்கிறேன் தம்பி" என்றார். எனக்கும் அதே நிலைமைதான். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, எங்கள் சபைப் போதகர் ஐயரிடம்கூட.

இப்போது நான்கு பேர், மாதத்தின் முதல் செவ்வாய் சந்திக்கிறோம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கான மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு (விபிஎஸ்) அவர்கள் கீபோர்டு இங்கே வரும், எங்கள் பொம்மலாட்டப் பெட்டி அங்கே போகும்.

•

பாளையங்கோட்டை தம்பி எழுதியதைப் படித்துவிட்டு தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் ஆண்கள், ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்து பேசலாம். ஞாயிறு பள்ளி, விபிஎஸ், பெண்பிள்ளைகள் கூட்டம் மூன்றும் என் தலையில், இடுப்பில் கைக்குழந்தை வேறு. எனக்குக் கிடைத்தது ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளையோர் குழுவை நடத்தும் அக்கா. சனிக்கிழமை சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் அவரவர் வீட்டில் காய் நறுக்குவோம், அதுதான் எங்கள் ஐக்கியம். போன வருடம் எங்கள் சபையின் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி வெங்காயம் உரிக்க வந்தார். எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறேன் என்று அழுதேன். கண்ணீருக்குச் சாக்கு கையிலேயே இருந்தது. அவர் தடுக்கவில்லை. "சரி, விடு. மே மாசம் விபிஎஸ் மட்டும் முடிச்சிரு, பத்து நாளும் நான் வந்து பாட்டு சொல்லித் தர்றேன்" என்றார். வந்தார். நான் இன்னும் விடவில்லை.

•

சென்னையில் முப்பது வாலிபர் தலைவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். கன்வென்ஷன் போஸ்டர்களும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வந்தன. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முப்பது பேரும் கைகூப்பும் படம் போட்டார்கள், ஒருவர் மட்டும் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். குழுவைக் கலைத்துவிட்டேன். அந்த ஒருவரோடுதான் இப்போது நட்பு.

•

மறுபடி பாளையங்கோட்டை. தபேலா பையன் என்ன ஆனான் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். காலை ஏழரை ஆராதனைக்கு எங்களிடம் வாசிக்கிறான். முடிந்ததும் தபேலாவைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து பத்தரைக்கு அங்கே. காலைச் சாப்பாடு அண்ணன் வீட்டில்.