இரவு 11க்குப் பிறகு கொத்தும் பியரும்: லண்டன் கவுன்சில் லைசென்ஸ் எப்படி?

கொத்துத்தட்டு:
வணக்கம். வடமேற்கு லண்டனில 28 இருக்கையோட சின்னச் சாப்பாட்டுக்கடை, டேக்கவேயும் இருக்கு. இப்ப 11 மணிக்குப் பூட்டுறம். வெள்ளி, சனி இரவு 2 மணி வரைக்கும் கொத்து, தோசை குடுக்க விருப்பம். இருந்து சாப்பிடுறவைக்குப் பியரும் வைனும் வைக்கலாம் எண்டு யோசனை. மேல் மாடியில ஆக்கள் குடியிருக்கினம். கதவைப் பூட்டிப்போட்டு டிலிவரி மட்டும் செய்தாலும் லைசென்ஸ் வேணுமோ? மேல் வீட்டார் எதிர்த்தால் கவுன்சில் எதைப் பார்த்து முடிவெடுக்கும்?

கோப்புக்கட்டு:
டிலிவரிக்கும் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2003ஆம் ஆண்டு லைசென்ஸிங் சட்டப்படி இரவு 11 முதல் காலை 5 வரை சூடான உணவோ சூடான பானமோ பொதுமக்களுக்குக் கொடுத்தால் லைசென்ஸ் அவசியம். 10.45க்கு வந்து உட்கார்ந்தவருக்கு 11.10க்குக் கொத்து வைத்தாலும் அதே கதைதான். ஆறிய ரோல்ஸ், குளிர்பானம் என்றால் தேவையில்லை. மது விற்க எந்த நேரமானாலும் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் விற்றால் வரம்பில்லாத அபராதம், 6 மாதம் வரை சிறை.

படிவத்தைத் தொட முன்னம் கட்டடத்தின் பிளானிங் அனுமதியை (கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) எடுத்துப் பாருங்கள். அதில் 11 மணிக்குப் பூட்ட வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், லைசென்ஸ் 2 மணி வரை கிடைத்தாலும் 11க்குப் பூட்டத்தான் வேண்டும். இரண்டும் ஒரே கவுன்சிலின் வேறு வேறு பிரிவுகள், ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தாது. பலர் இதைப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் முழிக்கிறார்கள்.

உணவுக்கும் மதுவுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதும். கட்டணம் கடையின் ரேட்டபிள் வேல்யூவை (வணிக வரிக்காகக் கட்டடத்துக்குக் கணித்த ஆண்டு வாடகை மதிப்பு) பொறுத்தது: 4,301 முதல் 33,000 பவுண் வரை என்றால் விண்ணப்பத்துக்கு 190, பிறகு ஆண்டுக்கு 180. மது இருப்பதால் பெர்சனல் லைசென்ஸ் (மது விற்பனைக்குத் தனிநபருக்குத் தரும் அனுமதி) உள்ள ஒருவரை டிபிஎஸ் ஆக, அதாவது கடையின் மது விற்பனைக்குப் பொறுப்பாளராகப் போட்டு, அவருடைய சம்மதக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். பெர்சனல் லைசென்ஸுக்கு 37 பவுண், அதற்கு முன் லெவல் 2 பரீட்சை. கடையின் வரைபடத்தில் வெளியேறும் வழி, தீயணைப்புக் கருவி, படிக்கட்டு, கழிவறை, குசினி, மது விற்கும் பகுதி எல்லாம் குறித்திருக்க வேண்டும்.

அடுத்தது, விண்ணப்பித்ததை ஊருக்கு அறிவிக்கும் நோட்டீஸ். வெளிர்நீலத் தாள், ஏ4 அல்லது பெரிது, எழுத்தின் அளவு 16க்குக் குறையக்கூடாது. விண்ணப்பம் கொடுத்த மறுநாளிலிருந்து தொடர்ந்து 28 நாள், வெளியில் நின்று வாசிக்கக்கூடிய இடத்தில். உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரம் 10 வேலை நாளுக்குள். வெள்ளைத் தாளில் ஒட்டினாலோ ஆட்சேபம் அனுப்பும் கடைசித் தேதியை விட்டுவிட்டாலோ 28 நாளும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். தினமும் கடை திறக்கும்போது நோட்டீஸைத் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இரவுப்பணி:
மேலே சொன்னது சரி. ஆனால் முடிவு தங்கியிருப்பது படிவத்தின் ஆப்பரேட்டிங் ஷெட்யூல் பகுதியில், அதாவது கடையை எப்படி நடத்துவீர்கள் என்று எழுதும் இடத்தில். நீங்கள் அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் லைசென்ஸில் நிபந்தனையாக ஏறும், மீறினால் குற்றம். ஆட்கள் இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே ஒட்டுவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சிசிடிவியையே எடுங்கள். பொலிஸ் 31 நாள் பதிவு கேட்கும். கடையில் உள்ள ஹார்ட் டிஸ்க் சிறிதாக இருந்தால் இரண்டு கிழமையில் பழைய பதிவு அழிந்துவிடும். கூடவே, பதிவை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் திறந்திருக்கும் நேரம் முழுக்க இருக்க வேண்டும் என்றும் எழுதுவார்கள். சனி இரவு நிற்கும் பையனுக்குப் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் அன்றே மீறல்.

மேல் வீட்டுக்காரருக்கு உங்கள் கடையில் மிகப் பெரிய தொல்லை வாடிக்கையாளர் அல்ல, கொத்துத் தகடு. இரும்புத் தட்டில் அடிக்கிற அடி சுவர் வழியாக மேலே ஏறும். காதுக்குக் கேட்கும் சத்தத்தைக் கதவு மறைக்கும், அதிர்வை மறைக்காது. அடுப்பின் காலுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் போடுங்கள், அடுப்பைச் சுவரிலிருந்து விலக்குங்கள். 11க்குப் பிறகு தகட்டில் கொத்துவதில்லை, முன்பே வெட்டிய ரொட்டியைக் கிளறிச் சூடாக்குவது மட்டும் என்று நீங்களாகவே எழுதுங்கள். புகைபோக்கி விசிறியின் சத்தத்தையும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு கட்டாயம் கேட்கும்.

டிலிவரிக்காரர் கடைக்குள் காத்திருக்க இடம், வெளியே எஞ்சின் நிறுத்தம், பின்சந்தால் எடுக்கக்கூடாது, இரவு 11 முதல் காலை 7 வரை போத்தல்களை வெளித் தொட்டியில் கொட்டுவதில்லை. ‘இயன்றவரை அமைதி காப்போம்’ போன்ற வரிகளை எழுத வேண்டாம், அதை யாராலும் அமல்படுத்த முடியாது. மது சாப்பாட்டோடு மட்டும், மேசையில் இருப்பவருக்கு மட்டும் என்று வைத்தால் பொலிஸின் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

கொத்துத்தட்டு:
மிக்க நன்றி அண்ணா. தகட்டு விசயம் யோசிக்கவே இல்லை. எதிர்ப்பு வந்தால் என்ன நடக்கும்?

கோப்புக்கட்டு:
28 நாளில் ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் கேட்டபடி கொடுத்தே ஆக வேண்டும், கவுன்சிலுக்கு வேறு வழியில்லை. ஆட்சேபம் வந்தால் 20 வேலை நாளுக்குள் மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு விசாரிக்கும். அவர்கள் பார்ப்பது நான்கு விஷயங்கள்: குற்றமும் ஒழுங்கீனமும், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, பிள்ளைகளுக்குத் தீங்கு. இந்த ஊரில் ஏற்கெனவே மூன்று கொத்துக்கடை இருக்கு, வீட்டு விலை இறங்கும் என்பதெல்லாம் எடுபடாது. மேல் வீட்டார் இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன சத்தம் என்று எழுதினால் அது எடுபடும். நீங்கள் 200 கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதை விட அந்த ஒரு கடிதத்துக்குக் கனம் அதிகம்.

ஆகவே விசாரணைக்கு முன்பே போய்ப் பேசுங்கள். பொலிஸும் சுகாதாரப் பிரிவும் அனுப்பும் நிபந்தனைகளை மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டால் அவர்கள் ஆட்சேபத்தை மீளப்பெறுவார்கள். எல்லாரும் மீளப்பெற்று, விசாரணை வேண்டாம் என்று ஒத்துக்கொண்டால் விசாரணையே இல்லை. ஆவணங்களை முன்கூட்டியே அனுப்புங்கள். அன்று புதிதாக நீட்டினால் மற்றத் தரப்புகள் சம்மதித்தால்தான் பார்ப்பார்கள். முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றம். எதிர்த்தவருக்கும் அந்த உரிமை உண்டு.

கவுன்சிலின் லைசென்ஸிங் பாலிசியை வாசிக்காமல் 2 மணி கேட்காதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் வெஸ்ட் எண்ட் போல, கடைகள் நெருக்கமாகி விட்டதாக அறிவித்த பகுதி என்றால், உங்களால் தொல்லை அதிகரிக்காது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அங்கே 12.30 கேட்டுக் கிடைப்பது, 2 கேட்டு மறுக்கப்படுவதை விட மேல்.

இரவுப்பணி:
தம்பி, முதலில் டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் (குறுகிய காலத்துக்கு மட்டும் அனுமதி தரும் அறிவிப்பு) போட்டுப் பாருங்கள். 21 பவுண், 10 முழு வேலை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும். பொலிஸும் சுகாதாரப் பிரிவும் மட்டுமே ஆட்சேபிக்கலாம். இரண்டு சனி இரவு புகாரில்லாமல் ஓடினால் விசாரணையில் அதுவே சாட்சி.

லைசென்ஸை கம்பனி பெயரில் எடுத்தால் ஆண்டுக் கணக்கைத் தவறாமல் கம்பனீஸ் ஹவுஸுக்கு (கம்பனிகளைப் பதியும் அரச அலுவலகம்) அனுப்புங்கள். கம்பனியைப் பதிவிலிருந்து அடித்துவிட்டால் லைசென்ஸ் அந்தக் கணமே செத்துவிடும். 28 நாளுக்குள் இன்னொருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் நீலத் தாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.