புதுப்பிப்பு: அந்த வைரஸ் எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது

அண்ணனின் மடிக்கணினியில் திரையின் மூலையில் "வைரஸ் தாக்கியுள்ளது, உடனே ஸ்கேன் செய்யவும்" என்று சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஆன்டிவைரஸை ஓட்டினால் ஒன்றும் சிக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். விஷயம் பிடிபட்டுவிட்டது. உள்ளே வைரஸே இல்லை. அது உலாவியின் அறிவிப்பு.

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு இணைய முகவரி இருந்தது. ஏதோ ஒரு பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்றால் 'அனுமதி'யை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அண்ணனும் அழுத்திவிட்டார். உண்மையில் அது அறிவிப்புகள் அனுப்பக் கொடுத்த அனுமதி. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கியதும் சத்தமே இல்லை.

அப்புறம், ஆர்வத்தில் அந்தப் பக்கத்தை என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்தேன். அங்கேயும் 'சி டிரைவ்' (விண்டோஸ் கணினியின் முதன்மைச் சேமிப்பிடம்) மும்முரமாக ஸ்கேன் ஆகிறது! கைப்பேசியில் ஏது சி டிரைவ்? வெறும் அசைபடம். ஒரு வலைப்பக்கத்தால் நம் கோப்புகளைத் தானாகத் துழாவிப் பார்க்க முடியாது.

இது பழைய வித்தை. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற போலிப் பாதுகாப்பு மென்பொருள்களை இப்படிப் பயமுறுத்தி விற்றவர்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008-லேயே வழக்குப் போட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்தார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு.

யாராவது இப்படிப்பட்ட போலி மென்பொருளுக்கு அட்டை மூலம் பணம் கட்டியிருந்தால் மென்பொருளை நீக்குவதோடு விடாதீர்கள். அட்டை எண்ணும் அவர்களிடம் போயிருக்கும். வங்கியிடம் சொல்லி முடக்குங்கள்.